சந்தில் ஒன்றரை அங்குலம்

"உங்க வீட்டுப் பக்கத்துச் சந்துல இன்னா வெச்சிருக்கீங்க?"

வீட்டுக்குப் பிளான் போட வருகிறவர்களை எல்லாம் நான் இப்படிக் கேட்டுவைப்பேன். என் வேலைக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமே கிடையாது. தொண்ணூறுகளில் ஆரணி பஜாருக்குப் பக்கத்தில் ஒரு என்ஜினீயரின் ஆபீசில் நான் படம் வரைகிறவள். சார் போய் டேப் பிடித்து அளந்து, துண்டுத் தாளில் கிறுக்கிக்கொண்டு வருவார். அதை நான் டிரேசிங் தாளில் மையால் வரைவேன். முன்னறை, சமையலறை, தறி போடும் கூடம் எல்லாம் வரைந்த பிறகு, வீட்டின் பக்கவாட்டில் மூன்றடி இடத்தை ஒன்றும் வரையாமல் வெள்ளையாக விட வேண்டும். பக்கத் திறந்தவெளி என்று அதற்குள் எழுத வேண்டும். அந்த வெள்ளைதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மூன்றடி அகலமும் ஐம்பதடி நீளமும் உள்ள இடத்தை இந்த ஊரில் எவனாவது சும்மா விடுவானா?

விடவில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். "ஒடஞ்ச ஆட்டுக்கல்லு, ரெண்டு ஆடு" என்றார் ஒருவர். சேவூர்க்காரர் ஒருவர் யோசித்துச் சொன்னார்: "வைக்கோலு கீது. ஸ்கூட்டரு கீது. வைக்கோலு கீழ ஸ்கூட்டரு கீது." ஒரு அம்மாள், "எங்க மாமியாரு கட்டிலு" என்றாள். "அவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டேன். "கட்டில்லதான்" என்றாள், இதென்ன கேள்வி என்பது போல.

சாருக்கு என் விசாரணை பிடிக்காது. "நீ வரையறது காலி எடம். அதுல எவன் இன்னா வெச்சா உனக்கு இன்னாமா?" என்பார்.

எனக்கு என்னவா? நான் ஒரு சந்துக்குள்ளும் போய்ப் பார்த்ததில்லை, அதுதான். இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப்போயிற்று. முழங்கால் மேல் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பேன். ஆரணியில் பாதி வீடுகளின் உள்கட்டு எனக்கு அத்துப்படி, எல்லாம் தாளில். நேரில் பார்த்தது என் வீடும் ஆபீசும் வழியில் வரும் கடைகளும்தான். மற்றதைக் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்?

எங்கள் வீடு பட்டுத் தறி வீடு. அப்பா போய் வெகு நாளாயிற்று. அம்மா நெய்வாள். தறிக்காரர் கால் வைத்து மிதிக்கத் தரையில் குழி எடுக்க வேண்டும். மழைத் தண்ணீர் அந்தக் குழியில் இறங்கக் கூடாது என்று எங்கள் தெருவில் வீட்டையே மேடாகத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். ஆகவே எல்லா வாசலிலும் ஐந்து படி. ஊருக்கு அது படி, எனக்கு அது தினசரிப் பேஜார்.

சின்ன வயதில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கிவிடுவேன். புடவை கட்டிய பிறகு தெரு பார்க்க அப்படி இறங்க மனம் வரவில்லை. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் ரிக்‌ஷாக்காரர் பிடிப்பார்கள். அம்மா தறியில் இருந்தால் தெருவில் யார் போகிறார்களோ அவர்களைக் கூப்பிட வேண்டும். "கொஞ்சம் புடிங்க." சாயந்தரம் ஏறும்போது மறுபடியும் "கொஞ்சம் புடிங்க." யாரும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கூப்பிடும் முன்பே ஓடி வருவார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். முகம் சுளித்தால் திட்டித் தீர்க்கலாம். ஓடி வருகிறவர்களை என்ன செய்வது? நாற்பது வயதுவரை இப்படியே கேட்டுக் கேட்டே காலம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாரின் அலமாரியிலிருந்து கட்டட விதிகள் புத்தகத்தை எடுத்துப் படிக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிப்பார்கள். எனக்கு விதிப் புத்தகம். பக்கத்தில் இடம் விடு, காற்று வரட்டும், வெளிச்சம் வரட்டும், தீப்பிடித்தால் ஆள் போகட்டும். அந்த இடத்தில் சாமான் அடுக்காதே, வண்டி நிறுத்தாதே. யார், என்ன, யாருக்கு வேண்டியவர் என்றெல்லாம் அந்தப் புத்தகம் பார்க்காது. விதியில் இருக்கிறதென்றால் எவரிடமும் போய் நிற்க வேண்டாம், கேட்க வேண்டாம், பிறகு நன்றி சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். எனக்கு அதன் மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது.

சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்து ஒரு சின்ன ஸ்கூட்டர் வாங்கினேன். வேலூரில் ஒரு பட்டறையில் அதன் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துக் கொடுத்தார்கள். பட்டறைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் நாலு நாள் ஓட்டவும் பழகினேன். முதல் நாள் வட்டமடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவே இல்லை. பட்டறைக்காரர், "மொதல்ல முன்னாடி பாத்து ஓட்டும்மா" என்று திட்டினார்.

இப்போது வண்டியை எங்கே வைப்பது? தெருவில் வைத்தால் வண்டி வரை போக மறுபடி ஐந்து படி. அதுவும் இல்லாமல் விடிந்ததும் தெருவில் பாவு விரித்துவிடுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். அந்த நேரத்தில் எந்த வண்டியும் தெருவில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தெருவின் சட்டம், எழுதாத சட்டம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரமும் வெற்று மண்ணுமாக இருக்கும் இடத்தை நாங்கள் தோட்டம் என்போம். குடம் தூக்கிக்கொண்டு போக வசதியாகப் பின்பக்கம் படிக்குப் பதில் சரிவாக வைத்திருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நானே தோட்டத்துக்கு இறங்கிவிடுவேன். வண்டி தோட்டத்தில் நிற்கலாம். அங்கிருந்து தெருவுக்கு வர ஒரே வழி, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்த மூன்றடிச் சந்து.

அந்தச் சந்தில் என்ன இருந்தது? ஊரையெல்லாம் கேட்டேனே, என் வீட்டுச் சந்தை நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா அங்கே மூன்றாவது தறிக்கான மரங்களை அடுக்கியிருந்தார். உறவுப் பெரியப்பா இல்லை, எங்கள் தெருவில் அப்பாவுக்கு மூத்தவர் எல்லாம் பெரியப்பாதான். இரண்டு தறி அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆனால் வரப்போகிற மாப்பிள்ளைக்கு என்று மூன்றாவதற்கு மரம் வாங்கி, தன் பக்கச் சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு அடுக்கிவைத்திருந்தார். சந்தில் பாதி அவர் பாதி, அதில் வைத்திருந்தார். எனக்கு முழுச் சந்தும் வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்பு வரை என் வண்டி முப்பத்து நாலு அங்குலம். பத்திரத்தில் சந்து முப்பத்தாறு அங்குலம். பக்கத்துக்கு ஓர் அங்குலம் மிச்சம், தாராளம்.

பெரியப்பாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, சாமான் அடுக்கக் கூடாது என்ற வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் தறியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் கோடு போட்ட வரியை மட்டும் படிப்பார் என்று நினைத்திருந்தேன். பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவர் போல ஒரு வரி விடாமல் படித்தார்.

"சாமான் வெக்கக் கூடாதுன்னு போட்டுகிது" என்றார்.

"ஆமா பெரிப்பா."

"வண்டியும் நிறுத்தக் கூடாதுன்னு போட்டுகிது. அதுக்குக் கோடு போடலியே நீ."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் தயாராகத்தான் போயிருந்தேன். "நிறுத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. போகக் கூடாதுன்னு போடல. நான் தோட்டத்துல நிறுத்திப்பேன். சந்துல போறது வர்றது மட்டுந்தான்."

"என் பாதியிலதான வெச்சிகினு இருக்கறேன்?"

"பாதின்னு இதுல எதுவும் கிடையாது பெரிப்பா. திறந்தவெளின்னா முழுசும் திறந்தவெளி."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று நாளில் மரங்கள் எல்லாம் அவர் வீட்டுக்குள் போய்விட்டன. அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் பெரியம்மா என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "ஊட்டுக்குள்ள காலு வெக்க எடமில்ல. கட்டயத் தாண்டித் தாண்டித்தான் சோறு போடறேன். இன்னா பண்றது, ரூலாமே."

அம்மா வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த கேட்டா ஆவாதா? மூஞ்சில அடிச்சாப்ல காயிதத்த நீட்டிகினு போய் நின்னியே."

"கேக்காம இருக்கறதுக்குத்தான் ரூலே போட்டிருக்கறாங்க."

"ரொம்ப நல்லாப் போட்டாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா தறியில் போய் உட்கார்ந்தாள். அன்று பூராவும் தறிச் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

வேலூர்ப் பட்டறை ஆள் வண்டியைக் கொண்டுவந்தார். பக்கச் சக்கரங்களைத் தனியாகக் கழற்றி எடுத்து வந்திருந்தார். வண்டியைச் சந்து வழியாக உருட்டிக்கொண்டு போய், தோட்டத்தில் வைத்துத்தான் சக்கரங்களைப் பூட்டினார். முருங்கை மரத்தைச் சுற்றி நாலு வட்டம் அடித்துக் காட்டினேன். வண்டிக்குப் பின்னால் போகும் கியர் கிடையாது, அதனால் முன்னாடி பார்த்தே போக வேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அம்மா, "இரு, கோயிலுக்குப் போய் வண்டிக்குத் தேங்கா ஒடச்சிகினு வந்துடறேன். நான் வந்தப்பறம் கெளம்பு" என்றாள். இருந்திருப்பேனா? யாரும் பிடிக்காமல், யாரும் வழியனுப்பாமல் போக வேண்டும் என்பதற்குத்தானே இத்தனையும். தெருவில் பாவு வேலை முடிகிற நேரம் பார்த்து வண்டியைக் கிளப்பிச் சந்துக்குள் நுழைந்தேன்.

முதல் பத்தடிக்கு இடது பக்கம் எங்கள் வீட்டுச் சுவர், வலது பக்கம் பெரியப்பா தோட்டத்தின் மதில். இடது சக்கரம் சுவரை உரசிக்கொண்டே வந்தது. புது வண்டி, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மதில் முடிந்து அவர் வீடு ஆரம்பிக்கும் இடத்தில் டொக் என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. முறுக்கினேன். என்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை.

குனிந்து பார்த்தேன். வலது சக்கரம் அவர் வீட்டுப் பேஸ்மட்டத்தின் மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. எந்த வீட்டுக்கும் சுவரைவிட அதன் அடிமட்டம் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இங்கே இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கு ஒன்றரை அங்குலம். சந்து மேலே முப்பத்தாறு, கீழே சக்கர உயரத்தில் முப்பத்து மூன்று. இத்தனை நாள் அவர் பக்கத்துப் பேஸ்மட்டத்தை அவருடைய மரங்கள் மறைத்திருந்தன. எங்கள் பக்கத்தை எது மறைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பேஸ்மட்டத்தை நான் நூறு தடவை வரைந்திருக்கிறேன், ஆனால் குறுக்குவெட்டுப் படத்தில்தான். மேலிருந்து பார்க்கிற தரைப்படத்தில் அது வராது. சந்து வருவது தரைப்படத்தில். ஊர் வீட்டுக்கெல்லாம் அங்குலக் கணக்குப் போட்டவள், பிறந்த வீட்டுக்கு ஒரு டேப் பிடித்துப் பார்க்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டது என்று சொல்வார்களே, எனக்கு அந்தக் காலும் ஒழுங்காக இல்லை.

முன்னால் போக முடியாது. பின்னால் போகக் கியர் இல்லை. இறங்கலாம் என்றால் யாராவது என்னைப் பிடிக்க வேண்டும், பிடிக்கிறவர் நிற்க இடமில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தறிச் சத்தம் நின்றுபோயிருப்பது உறைத்தது. என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். வீடு மேடானதால் அவர்கள் வீட்டுத் தரையும் என் வண்டி சீட்டும் ஒரே உயரம். குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. அவருக்குப் பின்னால் கூடத்தில், தறிக்குப் போக வழியில்லாமல் அந்த மரங்கள் கிடந்தன.

விதியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எழுந்து ஓடி வரவும் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதலாக நான் தவித்து நிற்கும்போது எவரும் இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்து பார்த்ததில்லை. எனக்கு அது விநோதமாக இருந்தது. வன்மமா என்று பார்த்தேன், முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நானே வாயைத் திறக்கட்டும் என்று இருக்கிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"பெரிப்பா."

"ம்."

"மாட்டிகினேன்."

"தெரியுது."

"ஒன்றரை இன்ச்சு வேணும் பெரிப்பா. குடுப்பீங்களா?"

உடனே எழுந்துவிட்டார். இதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்தார். தெருப்பக்கமாகச் சுற்றிச் சந்துக்குள் வந்து என் சக்கரத்துக்கு எதிரில் குந்தி, விரலை வைத்து அளந்தார். "தரைலேந்து எவ்ளோ ஒசரம் வேணும்?"

"ஒரு அடி போதும்."

"நீளம்?"

"தெரு வரைக்கும்."

பேஸ்மட்டத்தைக் கொத்தத்தான் அளக்கிறார் என்று புரிந்தது. "எங்க பக்கத்தக் கொத்திக்கலாம் பெரிப்பா" என்றேன் அவசரமாக. அவர் எங்கள் பேஸ்மட்டத்தை விரல் மடக்கி ஒரு தட்டு தட்டினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"உங்களுது மண்ணு வெச்சிக் கட்டனது. உளி வெச்சா சொவுரே உக்காந்துடும். என்னுது சுண்ணாம்பு. என் பக்கமே எடுத்துக்கலாம்."

பாவு சுருட்டிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தோட்டத்துப் பக்கமாக வரச் சொல்லி, என்னோடு சேர்த்து வண்டியைப் பின்னால் இழுக்கவைத்தார். கையில் உடைத்த தேங்காயோடு அம்மா வந்து நின்று பார்த்தாள். தேங்காயைக் கீறி எல்லாருக்கும் கொடுத்தாள்.

தினமும் நெய்து முடித்த பிறகு அவரே உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். தன் வீட்டை அவர் தன் கையால் கொத்தியதைத் தோட்டத்துச் சரிவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூசியது. மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லப் போனேன். அவர் கொத்துவதை நிறுத்தாமல் சொன்னார்: "அன்னிக்கே அளவு சொல்லியிருந்தா அன்னிக்கே பாத்திருப்பேன். நீ ரூலு சொன்ன. அளவு சொல்லல. ரூலு சொன்னா நான் இன்னா பண்றது, சரின்றதத் தவர?"

எட்டாவது நாள் காலை தெருவுக்கு வந்தேன். எங்கள் வாசலின் ஐந்து படிகளையும் முதல் தடவையாக வெளியில் இருந்து, உட்கார்ந்தபடி, ஒருவரும் பிடிக்காமல் பார்த்தேன். அடக்க முடியாத சந்தோஷம். ஹாரன் அடித்தேன். "போதும், போதும், ஜல்தி கெளம்பு" என்றாள் பெரியம்மா தன் வாசலிலிருந்து.

ஆனால் அவள் இன்னமும் தறிக்கட்டையைத் தாண்டித் தாண்டித்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அது என்னை உறுத்தியது. மறுபடி விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். வைக்கக் கூடாது, அடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, கட்டக் கூடாது. சாயந்தரம் பெரியப்பாவின் ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தினேன்.

"பெரிப்பா, மாட்டக் கூடாதுன்னு எங்கயும் போடல."

"இன்னாத்த?"

"மரத்த. சொவுத்துல கொக்கி அடிச்சி, என் தலைக்கு மேல ஒசரமா மாட்டினா, வெச்சதா ஆவாது."

முதலில் விழித்தார். பிறகு தறியில் உட்கார்ந்தபடியே சிரித்தார், இரும வேண்டிவந்தது அவருக்கு. சாரிடம் இதைச் சொன்னபோது, "இது ரூலு இல்லமா, கள்ளத்தனம்" என்றார். இருக்கட்டுமே. பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் ஆகி மாப்பிள்ளை வந்து மூன்றாவது தறியில் உட்காரும்வரை அந்த மரங்களுக்கு அடியில்தான் நான் ஆபீசுக்குப் போய்வந்தேன்.

சில வருஷம் கழித்து, பெரியப்பா மாடியில் ஓர் அறை எடுக்க எங்கள் ஆபீசுக்கே பிளானுக்கு வந்தார். அதற்குள் மையும் டிரேசிங் தாளும் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. தரைப்படத்தில் பக்கத் திறந்தவெளியை எப்போதும் போல வெள்ளையாக விட்டேன். பிறகு மனம் கேட்காமல் அவர் வீட்டுப் பேஸ்மட்டத்துக்கு ஒரு மெல்லிய கோடு போட்டு, அது ஒன்றரை அங்குலம் உள்வாங்கியிருப்பதையும் காட்டினேன்.

சார் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இது இன்னா கோடு? தரைப்படத்துல இது வராதே. எந்த ரூல்ல இருக்குது?"

"எந்த ரூல்லயும் இல்ல சார்" என்றேன். "கேட்டு வாங்கினது."